தறிக்குழியை மூடியவன்

என் செல்போனில் ஒரு படம் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட வயதான அம்மாள் ஒருவர் புது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் டைல்ஸ் பளபளக்கிறது. பக்கத்தில் நான், நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கோப்பை வாங்கிய கபடிக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறேன். படத்துக்குக் கீழே நானே எழுதிப் போட்டது: "ஆபத்தான குழி அகற்றப்பட்டது. பெரியம்மா மகிழ்ச்சி." அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அழித்தால் நான் செய்ததும் அழிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

நான் காஞ்சிபுரத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன். வயது ஐம்பத்தாறு. எங்கள் தெருவில் பிள்ளைகளெல்லாம் சென்னை, ஓசூர் என்று போய்விட, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். குழாய் ஒழுகினாலோ, தாழ்ப்பாள் விழாவிட்டாலோ, டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தாலோ அவர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. அவ்வளவு சின்ன வேலைக்கு யார் வருவார்கள்? அதனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஞாயிறு காலையில் வீடு வீடாகப் போய்ச் செய்து கொடுப்பது என்று ஆரம்பித்தோம். ஒருவர் பிளம்பர், ஒருவர் கொத்தனார், ஒருவர் நெசவுக்காரர், நாலாவது நான். வாட்ஸப் குழு வைத்தது நான். படம் எடுத்துப் போடுவதும் நான்தான்.

இப்போது யோசித்தால் சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று தெரிகிறது. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றினால் படம் எடுக்க என்ன இருக்கிறது? மாற்றுவதற்கு முன்னாலும் குழாய், மாற்றிய பின்னாலும் குழாய். குளியலறையில் பிடிமானக் கம்பி போட்டால் பரவாயில்லை, கம்பி தெரியும். ஒரு வீட்டில் மேல்தளம் முழுக்க ஓதம் தட்டாமல் பூசிக் கொடுத்தோம். அந்தப் படத்துக்கு வெளிநாட்டிலிருந்துகூடக் கைகூப்பி அனுப்பினார்கள். எனக்கு அது ருசித்துவிட்டது. அதன் பிறகு சின்ன வேலை என்றால் எனக்குக் கை வரவில்லை, வாய் மட்டும் "அடுத்த வாரம்" என்றது.

பெரியம்மா எனக்கு உறவு இல்லை. தெருவுக்கே பெரியம்மா. எழுபத்து நாலு வயது. அறுபத்தைந்து வரைக்கும் பட்டு நெய்தவர். கணவர் போனபின் தறியைக் கழற்றிச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கூடத்தில் தறி இருந்த இடத்தில் குழி மட்டும் இருந்தது. நெசவு வீடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊர்த் தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலை முழங்கால் ஆழக் குழிக்குள் தொங்கவிட்டு, கீழே இருக்கும் மிதிப்பலகையை மிதிப்பார். அந்தக் குழிதான் தறிக்குழி. அதன் ஓரத்தில் தறியின் கால் ஒன்று, இடுப்புயர மரத்தூண், தரையில் ஆழமாகப் புதைத்தது என்பதால் பிடுங்காமல் அப்படியே நின்றது.

பெரியம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. சம்மணம் போட முடியாது, குந்த முடியாது. நாற்காலியில் பாதம் சரியாகப் பதியாமல் தொங்கி வீங்கும் என்பார், தரையில் இருப்பதை எடுக்கக் குனிந்தால் தலை சுற்றும் என்பார். குழிதான் அவருக்குச் சரியாக இருந்தது. நாற்பது வருஷம் உட்கார்ந்த இடம். குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு, கழற்றாமல் விட்ட மிதிப்பலகை மேல் பாதத்தை வைத்துக்கொள்வார். வலது கைப்பக்கம் தரையில் மகன் வாங்கிக் கொடுத்த இண்டக்‌ஷன் அடுப்பு, இடது கைப்பக்கம் தண்ணீர்க் குடம், மாத்திரை டப்பா, செல்போன். குழிக்குக் குறுக்கே ஒரு பலகை, அதுதான் சாப்பாட்டு மேசை. எதிரே தரையில் டிவி. குனியாமல், எழாமல், காலை பத்து மணியிலிருந்து மாலை வரை ஒரு குடித்தனத்தையே நடத்துவார். எழ வேண்டும் என்றால் குழிக்குள் நின்று, அந்தத் தறிக்காலைப் பிடித்து, இரண்டு கல்படி ஏறி வெளியே வருவார்.

மகன் சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறான். கெட்டவன் இல்லை. அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்பான். பெரியம்மாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "என் வேலைய நான் பாத்துக்கற வரிக்கும் இங்கதான். முடியலன்னா நானே சொல்றேன்." அந்த வீட்டில் தனியாக இருப்பது என்பது அவருக்கு அந்த ஒரு குழியைப் பொறுத்த விஷயம். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தத் தறிக்கால் ஆடுதுப்பா. படி ஏறசொல்ல பிடிச்சா கையோட வருது. கொஞ்சம் இறுக்கி வெச்சுட்டுப் போயேன்."

அரைமணி நேர வேலை. அடியில் நாலு சில்லு அடித்து, சிமெண்ட் கரைத்து ஊற்றினால் முடிந்தது. முதல் தடவை, மழை விடட்டும் என்றேன். வீட்டுக்குள் இருக்கும் தூணுக்கு மழை என்ன செய்யும் என்று அவர் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கொத்தனார் ஊரில் இல்லை என்றேன். மூன்றாவது தடவை சிமெண்ட் தீர்ந்துவிட்டது என்றேன். அப்போது என் ஸ்கூட்டரின் முன்னால் பாதி மூட்டை சிமெண்ட் இருந்தது, வேறொரு வீட்டு மொட்டை மாடிக்கு. பெரியம்மா வாசல்வரை வந்து வழியனுப்பினார். மூட்டையைப் பார்த்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது.

உள்ளூர எனக்கு எரிச்சல். இந்தக் காலத்தில் நடுக்கூடத்தில் குழியை வைத்துக்கொண்டு அதில் ஒரு கிழவி ஏறி இறங்குவதாம், அதற்கு நான் தூண் இறுக்குவதாம். விழுந்தால் யார் பதில் சொல்வது?

இந்த நேரத்தில் பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் முடிந்து பத்து நாள் வாலாஜாபாத்தில் அவர் தங்கை மகள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. மகன் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணா, அந்தக் குழிய நெனச்சாலே பயமா இருக்கு. ஒரு கண்ணோட அதுல ஏறி எறங்குனா என்னாகும்? ஏதாச்சும் சேஃப்டியா பண்ணிக் குடுங்கண்ணா."

"பண்ணிடலாம் தம்பி. நீ கவலைய வுடு" என்றேன். போனை வைக்கும்போதே படம் எனக்குக் கண்ணில் தெரிந்துவிட்டது. செய்வதற்கு முன்னால் குழி, செய்த பின்னால் டைல்ஸ்.

அந்த ஞாயிறு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருந்த சாவியை வாங்கித் திறந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்கள் நாலு பேரில் நெசவுக்காரர். அவர் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளே கையை விட்டு, மிதிப்பலகை மேல் மடித்துப் போட்டிருந்த பழைய துணியைத் தொட்டுப் பார்த்தார். பாதம் சில்லிடாமல் இருக்கப் பெரியம்மா தைத்துப் போட்டது.

"ஒரு வார்த்த பெரிம்மாவ கேட்டுட்டு செய்யலாமே" என்றார்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லும்" என்றேன் நான்.

இதை எழுதும்போது எனக்குக் காது சூடாகிறது. வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. தெரியாமல் செய்த தப்பு என்று ஒதுங்க எனக்கு வழியில்லை. அன்றைக்கு அதை ஏதோ பெரிய சாமர்த்தியம் மாதிரி சொன்னேன். மற்ற இருவரும் சிரித்தார்கள். நெசவுக்காரர் சிரிக்கவில்லை. "தறிக்குழிய சும்மா மூடக் கூடாதுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கற்பூரம் கொண்டுவந்தார்.

ஆயுத பூஜைக்குத் தறிக்கும் குழிக்கும் படைக்கிற ஊர் இது. அதனால் முறைப்படி செய்தோம். மிதிப்பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு போட்டு, கற்பூரம் காட்டி, மன்னிச்சுக்கோ தாயே என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். எனக்கு மனசு சுத்தமாகிவிட்டது. சாமியிடம் உத்தரவு கேட்டவன் பெரியம்மாவிடம் கேட்கவில்லை. பிறகு செங்கல் உடைசல், ஜல்லி, மணல் என்று கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, சிமெண்ட் போட்டு, டைல்ஸ் ஒட்டினோம். மூன்று நாள் வேலை. கடையைச் சாத்திவிட்டு நானே நின்று பார்த்தேன். அரைமணி நேரம் இல்லாதவனுக்கு மூன்று நாள் கிடைத்தது.

தறிக்காலைப் பிடுங்கினோம். நல்ல வைரம் பாய்ந்த மரம். அதை வீணாக்குவானேன் என்று மரப்பட்டறையில் கொடுத்து இரண்டு பலகையாக அறுத்து வாங்கினேன். "ஒரு பக்கம் எழைக்கவே வேணாம்ணா, பாருங்க" என்றார் பட்டறைக்காரர். ஒரு முகம் மட்டும் எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழப்பாக இருந்தது. அந்தப் பலகைகளைச் சுவரில் அடித்து, நாற்காலிக்குக் கையெட்டும் உயரத்தில் மாத்திரைக்கும் செல்போனுக்கும் ஒரு தட்டு அமைத்தேன். காசு கொடுத்தாலும் கிடைக்காத மரம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

பெரியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடியோடு வாசலைத் தாண்டி நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் வலது கை தானாக முன்னால் நீண்டது, தூணைப் பிடிக்க. தூண் இல்லை. கை வெறும் காற்றைப் பிடித்து, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. நெசவுக்காரர் தாங்கிப் பிடித்தார்.

"குழி எங்கப்பா?"

நான் விளம்பரக்காரன் மாதிரி விளக்கினேன். இனி விழும் பயம் இல்லை, டைல்ஸ் துடைக்கச் சுலபம், கை வைத்த நாற்காலி, கையெட்டும் தட்டு. பேசிக்கொண்டே அவரைத் தோளில் கைவைத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் கால்கள் தரையில் எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி இரண்டு தடவை இடம் மாறின.

"நல்லா இருக்குதுப்பா. வெள்ளையா இருக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காபி போடட்டுமா எல்லாருக்கும்?" என்று கேட்டார். அடுப்பு எங்கே இருக்கிறது என்று கழுத்தைத் திருப்பித் தேடினார். கொத்தனாரிடம் போனைக் கொடுத்து அப்போதுதான் அந்தப் படத்தை எடுக்கச் சொன்னேன். சிரிங்க பெரிம்மா என்றேன். சிரித்தார்.

குழுவில் பாராட்டு கொட்டியது. மகன் போனில் நாலு தடவை நன்றி சொன்னான்.

டாக்டர் ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார். குழியில் உட்கார்ந்திருந்தவரைக்கும் அந்த வீட்டில் குனிய வேண்டிய வேலையே இல்லை. இப்போது எல்லாவற்றுக்கும் குனிய வேண்டும். அடுப்பை உயர்த்த மேசை போட்டேன். மேசையில் சமைக்க நின்றால் முழங்கால் தாங்கவில்லை. டிவிக்கு ஸ்டாண்டு அடித்தேன். டைல்ஸ் வழுக்குகிறது என்று கோணி விரித்தார், கோணி தடுக்குகிறது என்று நடக்கிற இடத்தில் ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன். ஒரு வாரம் தினமும் போனேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. எட்டாம் நாளிலிருந்து நான் போகவில்லை. கடையில் வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், நெசவுக்காரர் வீட்டில் சுவிட்ச் பெட்டி சூடாகிறது என்று போனேன். அவர் வாசலில் பைக் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நெசவுக்காரன் பட்டப்பகலில் தறியை விட்டு வெளியே இருக்கிறானே என்று, "இன்னாப்பா, தறிக்கு லீவா?" என்று கிண்டல் செய்தேன்.

"மெதுவா பேசு. உள்ள பெரிம்மா சாப்புடுது."

"உன் வீட்லயா?"

"என் வீட்ல இல்ல. என் குழில" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "தினம் ஒரு மணிக்கு வரும். நான் ஒரு மணி நேரம் வெளிய வந்துடுவேன். அப்பதான் கால் வலி இல்லாம ஒரு வாய் சாப்புட முடியுதாம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தறியில் மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை பாதி நெய்தபடி இருந்தது. நெய்த பாகத்தை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பெரியம்மா குழியில் காலை விட்டு உட்கார்ந்து, உடம்பைத் தறிக்கு முதுகு காட்டுகிற அளவுக்குத் திருப்பி, தட்டைத் தறியிலிருந்து எட்ட, மடிக்குப் பக்கவாட்டில் பிடித்திருந்தார். தட்டில் இரண்டு இட்லி. சட்னி இல்லை, சாம்பார் இல்லை, பொடிகூட இல்லை. அடுத்தவர் பட்டில் ஒரு சொட்டுப் பட்டால் அந்தச் சேலை போயிற்று. நாற்பது வருஷம் நெய்தவருக்கு அது தெரியாதா? வெறும் இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டு, இடது கையை வாய்க்குக் கீழே குழித்துப் பிடித்துக்கொண்டு, துகள் விழாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தை விட்டு ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் நின்றேன், அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். என் வாழ்க்கையில் அந்த முகத்தை மறக்க மாட்டேன். வெட்கப்பட வேண்டியவன் நான். வெட்கப்பட்டது அவர். திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி அவசரமாகத் தட்டை முந்தானையால் மூடினார்.

"தோ, சும்மா பேசிக்கினு இருக்கலாம்னு வந்தேன்பா. அந்த வீடு நல்லாத்தான் இருக்குது. நீ ஒண்ணும் நெனச்சுக்காத."

"ஒடச்சுத் தோண்டிக் குடுத்துடறேன் பெரிம்மா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"வேணாம்பா. இவ்ளோ கஷ்டப்பட்டு பண்ணியிருக்க. அத போய் ஒடைக்கிறதா?"

வேண்டாம் என்று அவர் சொன்னவுடன் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதுதான் இந்தக் கதையிலேயே கேவலமான இடம். உடைத்தால் தெருவுக்குத் தெரியும், குழுவுக்குத் தெரியும், மகனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டார், நானும் சரி என்று தலையாட்டிவிட்டு சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். குழியை மூடும்போது அவர் வேண்டாம் என்பார் என்று கேட்காமல் இருந்தவன், தோண்டுவதற்கு மட்டும் அவர் வேண்டாம் என்றதை மதித்தேன்.

மறுநாளிலிருந்து பெரியம்மா அங்கே சாப்பிடப் போகவில்லை. நெசவுக்காரர் கூப்பிட்டும் வரவில்லையாம். நான் பார்த்துவிட்டதுதான் காரணம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

அடுத்த வாரம் கீழே விழுந்த மாத்திரை அட்டையை நாற்காலியில் இருந்தபடியே குனிந்து எடுக்கப் போயிருக்கிறார். நாற்காலி டைல்ஸில் வழுக்கிப் பின்னால் போய்விட்டது. எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு மட்டும் வீங்கிவிட்டது. குழியில் ஏறி இறங்கிய ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட விழாதவர், நான் போட்டுக் கொடுத்த ஆபத்தில்லாத தரையில் விழுந்தார். இம்முறை அவரே மகனுக்குப் போன் செய்தார்.

"வந்து கூட்டிக்கினு போப்பா. என்னால முடியல."

காரில் சாமான் ஏற்றும் அன்று போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நெசவுக்காரர் வந்து கடை வாசலில் நின்று என்னையே பார்த்தார். போனேன். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்ளோ பண்ணீங்கண்ணா" என்றான். அவனிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

பெரியம்மா கடைசியாக மாத்திரை டப்பாவை எடுக்கச் சுவர்த் தட்டுக்கு வந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டவர், நகராமல் அந்தப் பலகையின் விளிம்பைத் தடவினார். வழவழப்பான அந்த முகத்தில் அவர் கை போய் நின்றது. அங்கே உள்ளங்கை பதிகிற அளவுக்கு லேசான பள்ளம் ஒன்று இருந்தது. நான் அளந்து, அறுத்து, துளையிட்டு, ஆணி அடித்த பலகை. அந்தப் பள்ளம் என் கண்ணில் பட்டதே இல்லை.

"இது தறிக்கால்தானப்பா?"

"ஆமா பெரிம்மா."

அவர் படி ஏறும்போது பிடிப்பது போல அதை இறுக்கிப் பிடித்து, ஒரு தடவை அழுத்தி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"நல்லா இறுக்கியிருக்க. ஆடவே இல்ல" என்றார்.